கோணலாய் மாட்டிய ரப்பர் மீன்

“முந்திப் பிந்தித் தூண்டில் தொட்டிருக்கிறியளோ, அண்ணை?”

அருளம்பலம் சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். சிவபாதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சீச்சீ! எனக்கும் உதுக்கும் வெகுதூரம். மீனைச் சட்டியில கண்டதோட சரி.”

“ஓ...” என்று இழுத்த அருளம்பலம், மகனுடைய தூண்டில் கம்பை அவர் கையில் திணித்தார். “அப்ப பழகுங்கோவன். இஞ்ச எல்லாரும் பொழுதுபோக்குக்குப் பிடிக்கினம்தானே. என்ர பிரதாபனுக்கும் லீவு நாளில உதுதான் வேலை.”

கனடாவின் ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கத்தில் ஒரு குளக்கரை. கோடை மாலை. சிவபாதத்தின் மகள் நிரூபாவுக்கும் பிரதாபனுக்கும் சாதகம் பொருந்திவிட்டது. பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருக்கும்போது, ‘குளத்தடிக்கு ஒருக்கால் போயிட்டு வருவம்’ என்று மாப்பிள்ளையின் தகப்பன் கூப்பிட்டால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

சிவபாதத்தின் அப்பனும் பாட்டனும் வள்ளமேறிக் கடலுக்குப் போனவர்கள். இளவயதில் அவரும் போனவர்தான். ஊரில் அது தொழில்; ஸ்காபரோவில் கலியாணப் பேச்சென்று வந்தால் அதுவே குற்றம். சட்டி பானையை விட்டுவிட்டு ஓடிவந்த சனம், சாதியை மட்டும் மறக்காமல் சூட்கேசில் வைத்துக்கொண்டு வந்துவிட்டது. நிரூபாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இதனாலேயே முறிந்தன. அதன் பிறகு பிள்ளை கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

ஆகவே இந்த முறை, ‘ஊரில எவ்விடம்?’ என்று கேட்டபோது, ‘யாழ்ப்பாணம் ரவுண்’ என்று பட்டணத்தைச் சொல்லி மழுப்பியிருந்தார். ‘நாங்களும் ரவுண்தான்’ என்றார் அருளம்பலம். ரவுணில் எந்த இடம் என்று கேட்க இவருக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை.

வெளிக்கிடும்போது மனைவி மங்கையற்கரசி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “உங்கட கை சும்மா கிடவாது. கெட்டித்தனத்தைக் காட்டிப்போடாதேங்கோ. உதுவும் முறிஞ்சால் பிள்ளை தாங்கமாட்டாள்.”

அருளம்பலம் ஒரு பைக்கற்றைப் பிரித்து, இரைக்குப் பதிலாக மாட்டும் விரல் நீள ரப்பர் மீன் ஒன்றை நீட்டினார். மலிவுக் கடைச் சாமான். ஆனால் அதன் மெல்லிய வாலைக் கண்டதுமே சிவபாதத்துக்குத் தெரிந்துவிட்டது. அதன் வாய்வழியே தூண்டில் முள்ளை ஏற்றி நடுமுதுகால் நேரே வெளியே எடுத்து, ஆறுதலாக, மெல்ல மெல்ல இழுத்தால், அந்த வால் உயிருள்ளதுபோல் ஆடும். பாசிக்குள் கிடக்கும் பாஸ் மீன் பாயாமல் விடாது.

அவர் வேண்டுமென்றே கோணலாக மாட்டினார். சப்பாத்து நூல் கட்டுவதுபோல ஒரு முடிச்சும் போட்டார்.

அருளம்பலம் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. இவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கையைப் பார்த்துச் சாதி பிடிக்க வந்திருக்கிறான் மனுசன்’ என்று சிவபாதம் நினைத்துக்கொண்டார். கம்பை வீசினார். ரப்பர் மீன் பின்னால் நின்ற மரத்தில் போய்த் தொங்கியது. அடுத்த முறை காலடியிலேயே விழுந்தது. ஒருவழியாகத் தண்ணீருக்குள் போனதும் பம்பரம்போலச் சுற்றி, நூல் முழுவதையும் முறுக்கிவிட்டது. பாசி ஓரத்தில் பெரிய மீனொன்று புரண்டதைக் கண்டும் காணாதவர்போல முதுகைக் காட்டி நின்றார். கை துறுதுறுத்தது.

“நூல் சிக்கினால் எடுக்கவும் தெரியாதோ?” அருளம்பலத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது.

“சத்தியமாத் தெரியாது.”

“வலை கிலையெண்டாலும் ஊரில பாத்திருப்பியளே?”

“படத்திலதான்.”

அருளம்பலம் பெருமூச்சு விட்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“அண்ணை, கோவியாதேங்கோ. உந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராதுபோல கிடக்கு.”

“ஏன்? பிள்ளையில ஏதும் குறையோ?”

“பிள்ளை தங்கம். ஆனால் நீங்கள் வேற, நாங்கள் வேற. பின்னுக்குப் பிரச்சினை வரும். இப்பவே விட்டிடுவம்.”

இந்தச் சொற்களை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த நிரூபா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். இன்றும் அவள்தான் கதவைத் திறப்பாள். அதை நினைத்ததும் இவ்வளவு நேரமும் இருந்த பயம் எங்கோ போய், கோபம் வந்தது.

“ஓம், நாங்கள் வேறதான்!”

சிக்கிய நூலை நாலு இழுப்பில் பிரித்தார். முடிச்சை மாற்றிப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார். ரப்பர் மீனைக் கழற்றி நேராக மாட்டி, பாசியின் விளிம்பு பார்த்து வீசினார். ஆறுதலாக இழுத்தார். தண்ணீர் வெடித்தது. கொஞ்ச நேரத்தில், கொழுத்த பாஸ் மீனொன்று அருளம்பலத்தின் காலடியில் துள்ளியது.

“வடிவாப் பாருங்கோ! நாங்கள் கடற்காரர். என்ர அப்பர் வள்ளம் ஓட்டினவர். பொய் சொன்னது நான். பிள்ளைக்கு உதில பங்கில்லை. இனிப் போய் ஊரெல்லாம் சொல்லுங்கோ!”

அருளம்பலம் புல்லில் குந்தி, துள்ளிய மீனைச் செவுளில் பிடித்து, ஒரே சுண்டலில் முள்ளைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

“அட கடவுளே, இதை முதலே காட்டியிருக்கக் கூடாதோ! நீங்கள் பெரிய சாதியாக்கும், எங்கட குட்டு வெளிப்பட்டால் என்ர பெடியனை வேண்டாமெண்டு போயிடுவியளெண்டு மனுசி வீட்டில அழுதுகொண்டு கிடக்கிறாள். எங்கட வள்ளம் மயிலிட்டிக் கரையில நிண்டது, அண்ணை... உங்கட எந்தக் கரை?”