ஏழு ஃபிங்கன்மூல்கள்

"குழந்தைக்கு என் மனைவியோட பழைய குடும்பப்பேரைப் போடுங்க மேடம்."

"முடியாது தம்பி. கல்யாணத்தப்போ ரெண்டு பேரும் உங்க பேரைத்தானே எடுத்தீங்க? பிள்ளைக்கும் அதேதான். சொந்தப் பேர் மேல அப்படி என்ன வெறுப்பு?"

பதிவாளர் ரைன்ஹில்ட் சிரித்தார். எதிரே நின்ற யோர்க் சிரிக்கவில்லை. ஃபிங்கன்மூல் என்ற அவன் குடும்பப்பெயர் ஜெர்மனி முழுவதிலும் எப்போதும் சரியாக ஏழு பேருக்குத்தான் இருந்திருக்கிறது. காட்டோர மாவு ஆலை ஒன்றின் பெயர் அது. அங்கே ஏழு கட்டில்கள் இருந்தனவாம். யோர்க் பிறந்த அன்று அவன் தாத்தா இறந்தார். அவன் மனைவி ஆன்யே அந்தப் பெயரை ஏற்றுக் கையெழுத்திட்ட அன்று மாலை அவன் சித்தப்பா இறந்தார்.

"அப்போ நாளைக்காவது எழுதுங்களேன். ஆன்யே இன்னும் ஆஸ்பத்திரியில எழுந்திரிக்க முடியாம கிடக்கா."

"பிறந்த தகவல் வந்ததும் காலையிலேயே ஏத்திட்டேனே." ரைன்ஹில்ட் கணினித் திரையைப் பார்த்தார். "இதோ, உங்க பிள்ளையோட சேர்த்து நாட்டுல மொத்தம் ஏழு பேர்."

யோர்க் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஆன்யேவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அந்த ஏழு பேரையும் கொஞ்சம் வாசிங்க மேடம்."