பன்னிரண்டு மணிக்குள்

"பன்னெண்டு மணிக்குள்ள வந்தாச் சாப்பாடு. தாண்டிட்டா இந்த வீட்டுல அவனுக்கு ஒரு பருக்கை கிடையாது. சொல்லிரு உன் மகன்கிட்ட."

பாரஸ்மல் வீட்டில் பேசுவது மார்வாடிதான். கோபம் வந்துவிட்டால் மட்டும் தூத்துக்குடித் தமிழ் பொத்துக்கொண்டு வரும்.

விமலா மகனிடம் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கு வருகிற பிள்ளையிடம் எந்தத் தாய்தான் சொல்வாள்?

ஜைன வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. அது காலங்காலமாக இருக்கிற வழக்கம். இதென்ன மத்தியானத்தோடு அடுப்பை அணைக்கிற புதுச் சட்டம்? பிள்ளையை அவமானப்படுத்தத்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அந்தக் குடும்பம் இந்தக் கடற்கரைக்கு முத்து வாங்க வந்தது. சிப்பி செத்தால்தான் முத்து என்று தெரிந்ததும், பாரஸ்மலின் தாத்தா அதை விட்டுவிட்டுப் பருப்பு மண்டி வைத்தார். அப்பேர்ப்பட்ட வீட்டுப் பிள்ளை ரிஷப், சென்னைக்கு வேலைக்குப் போன இடத்தில் புத்தர் வழிக்குப் போய்விட்டான்.

"எத்தனை உபவாசம் இருந்தும் எனக்கு மனசு அடங்கலப்பா. அங்க உட்கார்ந்து மூச்சைக் கவனிச்சப்பதான் அடங்கிச்சு."

"மகாவீரர் சொன்னதுல என்னலே குறைஞ்சு போச்சு?"

அதோடு நின்ற பேச்சுதான், இரண்டு வருடமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை.

போன் அடித்தது. ரிஷப்தான்.

"அம்மா, பஸ் நம்ம ஊருக்குப் பக்கத்துல, வாகைக்குளம் ரோட்டுப் புதுக்கோட்டையில ரிப்பேர் ஆகி நின்னுட்டு. ஆட்டோ பிடிச்சு வாரேன்."

"எங்கன நிக்கானாம்?" என்றார் பாரஸ்மல். கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி நடந்தார்.

"வந்துருவான். வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிராதீங்க."

ரிஷப் வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. முகம் வாடிக் கிடந்தது.

"வழியில என்னப்பா சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா. வீட்டுல வந்து சாப்பிடலாம்னு இருந்தேன்."

அவ்வளவுதான். விமலா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பூரி, கடலைமாவுக் குழம்பு, பாசிப்பருப்பு அல்வா என்று தட்டை நிரப்பினாள். காலையிலிருந்து அவள் அடுப்பை விட்டு நகரவே இல்லை.

ரிஷப் தட்டைப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான். மெதுவாகப் பூரியைப் பிய்த்தான்.

பாரஸ்மல் குனிந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"எந்திலே."

விமலா தட்டின் மறுபக்கத்தை எட்டிப் பிடித்தாள். "நீங்கெல்லாம் ஒரு மனுசனா? எறும்பு மிதிபடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து நடக்கீங்க. பெத்த பிள்ளை பட்டினியா உட்கார்ந்திருக்கது கண்ணுக்குத் தெரியலையா?"

"அம்மா, விடும்மா."

"நீ சும்மா இருப்பா. இன்னைக்கு இவன் பசியோட இந்த வாசலைத் தாண்டினா நானும் இவன்கூடவே போயிருவேன். நீங்களும் உங்க சட்டமும் தனியா இருந்துக்கோங்க."

பாரஸ்மல் தட்டை விடவில்லை. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்குப் பௌர்ணமி, விமலா. இவன் போற விகாரைக்குப் போன் போட்டுக் கேட்டேன். பௌர்ணமியன்னைக்கு மத்தியானம் தாண்டிட்டா விடியுற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னு விரதம் எடுத்திருக்கான். அதுக்குத்தான் நான் காலையிலருந்து கத்துதேன். இப்ப உன் முகம் வாடிரக் கூடாதுன்னு அதை முறிக்கப் பார்க்கான்."

விமலா மகனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. கையிலிருந்த பூரித் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தான்.

"யார் பேரைச் சொல்லி எடுத்தாலும் விரதம் விரதம்தான். என் வீட்டுல வச்சு என் பிள்ளை விரதம் முறியக் கூடாது. எனக்கும் இன்னைக்கு உபவாசம்தான். விடிஞ்சதும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாப் போடு."