ஏழாம் அறைக் கணவர்

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவர் மனைவி ஏழெட்டு முறை செத்துப்போயிருந்தாள்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு டாக்டர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் அதை அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள் இங்கே தொழில் செய்ய உரிமம் வாங்க வேண்டுமானால் பத்து அறைகளைத் தாண்ட வேண்டும். ஓர் அறையில் பொம்மைக் கையில் ஊசி போட வேண்டும். இன்னொன்றில் வயிற்றுவலி என்று நடிக்கிறவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஏழாம் அறையில், உங்கள் மனைவி இறந்துவிட்டாள் என்று ஒரு கணவனிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் கணவன் வேலைதான் இவருக்கு. அங்கே எல்லாருக்கும் இவர் பெயரே 'கணவர்' என்று ஆகிவிட்டது.

அதற்கு முன் லிப்ட் மெக்கானிக். நடிப்பு வாசனையே கிடையாது. மற்ற அறைக்காரர்களுக்கு முனகவும் நெளியவும் பயிற்சி கொடுத்தார்கள். இவருடைய முகத்தைப் பார்த்ததும், பயிற்சியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கருங்கல்லில் செதுக்கியிருந்தால்கூட வெயிலுக்கு ஒரு கோடு விழுந்திருக்கும். காலையில் வருகிறவருக்கும் மாலையில் வருகிறவருக்கும் அச்சு மாறாத ஒரே முகம், தேர்வுக்கு இதைவிட நியாயம் வேறில்லை என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் பேச வேண்டியது ஒரே வரி. செய்தியைக் கேட்டபின் ஐந்து மூச்சு சும்மா இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்க வேண்டும்.

அதற்குச் சரியான பதில், எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்பது. மதிப்பெண்ணே அதற்குத்தான். மனசு இளகியவர்கள், நாங்கள் எல்லாரும் கூடவே இருந்தோம் என்று அள்ளிவிட்டு, சைபரை வாங்கிக்கொண்டு போவார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கணவருக்கும் வருகிற டாக்டருக்கும் முன்பே பழக்கம் இருந்தால் அந்த அறை செல்லாது. அந்த டாக்டர் வேறொரு நாள் வேறொரு கணவனிடம் போய்ச் சொல்லலாம். வாய்ப்புக் கணக்கில் அது சேராது.

மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் ஒரு சர்ஜன். ஆள் வராத நேரத்தில் அவருக்குப் பொழுதுபோக்கு, கணவரின் கால்தான். வீட்டிலிருந்து போட்டது போட்டபடி ஓடிவந்த கணவன் என்பதால் காலில் வீட்டுச் செருப்புதான் வேஷம். வலது காலில் கறுப்புச் சாக்ஸ். இடது காலில் பழுப்பு, அதுவும் குதிகாலில் பச்சை நூலால் ஓட்டையை அடைத்தது. காயத்துக்குத் தையல் போடுவது மாதிரி, ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாக.

"யாருங்க இதுக்கு ஆபரேஷன் பண்ணது? நல்லா ஆறிடுச்சே," என்பார் சர்ஜன்.

கணவர் சிரிக்க மாட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவள் நடுவயதுக்காரி. அவளைப் பற்றி சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். தன் ஊரில் ஒரு பிரசவ வார்டையே கட்டி ஆண்டவளாம். இங்கே ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். நாடி பிடிக்கத்தான் உரிமம் வேண்டும், துடைப்பம் பிடிக்க வேண்டாம். இரண்டு தடவை தவறிவிட்டாள். இதுவும் போனால் இந்த நாட்டில் ஆயுசுக்கும் அவள் டாக்டர் இல்லை.

அவள் அவசரப்படவில்லை. உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சர்ஜனின் பேனா திருப்தியாக நகர்ந்தது.

கணவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஐந்து மூச்சு விட்டார். பிறகு தன் வரியைக் கேட்டார்.

'எனக்கு' என்று ஆரம்பித்தவளின் கண் கீழே போனது. செருப்புக்கு மேலே தெரிந்த குதிகாலில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"நான் இருந்தேங்க," என்றாள். "தரை துடைச்சுக்கிட்டு இருந்தேன். இடது கால் மட்டும் ஜில்லுனு இருக்குன்னாங்க. கைவேலையைப் போட்டுட்டு, என் சாக்ஸ் ஒண்ணைக் கழட்டி அவங்க சாக்ஸுக்கு மேலயே போட்டுவிட்டேன். இப்ப பரவால்லன்னாங்க. அப்புறம் பேசலை."

சர்ஜன் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஒரு சைபரைப் போட்டார். கையில் இருந்த வெண்ணெயைத் தரையில் போட்டவளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

இரண்டு வருடத்துக்கு முன், மனைவி நிஜமாகவே செத்துப்போன அன்று, ஆஸ்பத்திரியில் கணவரிடம் ஒரு பையைக் கொடுத்தார்கள். அதில் மூன்று சாக்ஸ் இருந்தன. அவர் மனைவி வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போனது இரண்டு. மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்க மாடி மாடியாக ஏறி இறங்கினார். எங்களுடையது இல்லை என்றார்கள் எல்லாரும். வேறு எதையும் கேட்க அப்போது அவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயப்போட்டு, காலில் மாட்டிக்கொண்டார்.

கேட்க வேண்டியதை ஏழாம் அறைக்கு வந்தபிறகுதான் கேட்க ஆரம்பித்தார்.

"சார், இவங்களை எனக்குத் தெரியும்," என்றார் கணவர்.

எப்படித் தெரியும் என்று நம்பாமல் கேட்டார் சர்ஜன். கணவர் இடது செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அவர் பக்கம் நீட்டினார். சர்ஜன் குனிந்து பச்சை முடிச்சுகளைப் பார்த்தார். நிமிர்ந்து அவளுடைய விரல்களைப் பார்த்தார். போட்ட சைபரை அடித்துவிட்டு, 'செல்லாது' என்று எழுதினார்.

அவள் எழுந்து போனாள்.

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டார். முகம் அச்சு மாறவில்லை.

அடுத்த டாக்டர் கதவைத் தட்டிவிட்டு வந்து, உட்கார்ந்து, செய்தியைச் சொன்னார். ஐந்து மூச்சு ஆனது. பத்தும் ஆனது. டாக்டர் காத்திருந்தார், சர்ஜனும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

கணவர் ஒன்றும் கேட்கவில்லை.