கை கட்டாத பாடம்

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, மேலப்பாளையத்தின் ஒரு பெண்கள் மதரஸாவில் குர்ஆன் மனனத் தேர்வு நடந்தது. சிறுமிகளின் வரிசையில் நாற்பத்தாறு வயது மைமூனும் உட்கார்ந்திருந்தாள். பீடி சுற்றிக்கொண்டே முழுக் குர்ஆனையும் மனப்பாடம் செய்தவள். "பேரன் எடுக்குற வயசுல என்னளா ஓதல்?" என்று காலையில்கூட மதினி சிரித்திருந்தாள்.

தேர்வு வைத்த ஆலிமா, மார்க்கக் கல்வி முடித்த ஆசிரியை, ஒரு வசனத்தைத் தொடங்கிக் கொடுத்தார். மைமூன் பிடித்துக்கொண்டு ஓதினாள். மடியில் விரல்கள் துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டின.

"கையைக் கட்டிக்கிட்டு அடக்கமா ஓதுங்கம்மா."

கட்டினாள். அடுத்த வசனம் வரவில்லை. மறுபடி தொடங்கினாள், அதே இடத்தில் நின்றது. இன்னொரு தடவை நின்றால் தேர்வு போய்விடும். போன வருஷமும் கையைக் கட்டச் சொன்னார்கள், இப்படித்தான் போயிற்று. பயத்தால் என்று அப்போது நினைத்திருந்தாள்.

"ஆலிமா, கையை அவுத்துக்கிடட்டா? அதுக்குத்தான் பாடம் தெரியும்."

சிறுமிகள் சிரித்துவிட்டார்கள். ஆலிமா சிரிக்காமல் தலையசைத்தார்.

இல்லாத இலையில் இல்லாத தூளை வைத்து மைமூன் சுருட்டத் தொடங்கினாள். வசனம் முடிகிற இடத்தில் விரல்கள் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டன. அடுத்த இலையை எடுக்கும்போது அடுத்த வசனம் வந்தது. குரல் ஏறியது. சிரிப்பு அடங்கியது. ஆலிமா எங்கெங்கிருந்தோ எடுத்துக் கொடுத்தார். எங்கும் அவள் நிற்கவில்லை.

நண்பகல் தொழுகைக்கான ளுஹர் பாங்கு கேட்டதும் ஆலிமா, "போதும்மா" என்றார். கை கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது.

மைமூன் தேறினாள்.