ஃபேனுக்கு விட்ட தண்ணீர்

மகாராஜா காலத்துப் புதுக்கோட்டையில் வந்த அந்தக் கோடை உங்களுக்கு வாய்க்க வேண்டாம், கண்ணுகளா. தெருக்கிணறுகள் வற்றிப்போயின. பண்ணையார் ரெங்கசாமியின் கிணறு மட்டும் ஊறியது. தண்ணீர் கேட்டுப் போன இருளாயியின் குடத்தை அவர் எட்டி உதைத்து உடைத்தார்.

மறுவாரம் மின்சார நிலையத்து மேஸ்திரி அவரிடம் வந்தார்.

"இஞ்சின் சூடு தணிக்கத் தண்ணி இல்லைங்க. ஒங்க கிணத்துலேர்ந்து குழாய் போட்டுக்கிறோம். இல்லாட்டி கரண்டு நின்னுரும்."

"என் ஃபேன் நிக்கப்படாது. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க."

பத்து நாளில், தெருப் பெண்கள் நிறைகுடங்களோடு போவதைப் பண்ணையார் பார்த்தார்.

"ஏதுடி தண்ணி?"

"ஒங்க தண்ணிதாங்க," என்றாள் இருளாயி. "இஞ்சினைச் சுத்திட்டுச் சூடா வெளிய கொட்டுது. ஆறவச்சுக் குடிக்கிறோம்."

"இப்பவே குழாயைப் பிடுங்குறேன்."

"பிடுங்குங்க. ஒங்க ஃபேனும் நிக்கட்டும். இஞ்சின் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குறவ நான். ஒங்க கிணத்தை மேஸ்திரிக்குக் காட்டிவிட்டதும் நான்தான்."