பின் அடித்த அத்தியாயம்

ஸ்டேப்ளரில் மறுபடியும் பின் தீர்ந்துவிட்டது.

கட்டை விரல் வலித்தது. டீச்சர் கையை உதறிக்கொண்டாள். நூலக மேசையில் இன்னும் ஓர் அடுக்கு நாவல்கள் பாக்கி.

எல்லாமே அவள் தேடித் தேடி வாங்கியவை. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் பள்ளிக்கு வாங்கச் சொன்னாள். 'பதின்ம வயதினர் படிக்க வேண்டிய நாவல்கள்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அலமாரியில் ஒட்டியதும் அவள்தான்.

அதற்குக் கிடைத்த பரிசு இந்த ஸ்டேப்ளர்.

ஒரு பையனின் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். மகன் எடுத்து வந்த நாவலில் யாரோ யாருக்கோ காதல் கடிதம் எழுதுகிறார்களாம். தாளாளர் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு இவளைக் கூப்பிட்டார்.

"புதுப் புக்குங்க டீச்சர், எரிக்கவா முடியும்? தப்பாத் தெரியற பக்கத்தை மட்டும் பின் அடிச்சு உட்ருங்க."

எது தப்பு என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். குழுவில் ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தவள் நீதானே, நீயே பார்த்து அடி என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தாள். வரி வரியாகப் பார்த்து, வேண்டிய பக்கத்தில் மட்டும் ஒரு பின்.

பிறகு அலுத்துப்போனது. சந்தேகமாக இருந்தால் முழு அத்தியாயத்தையும் சேர்த்து அடித்துவிட்டாள். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

பிள்ளைகளும் கேட்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் வளைந்த பின்கள் கிடந்தன. பிடுங்கிப் படித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள். அவளும் கண்டுகொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"மிஸ்."

கனிஷ்கா. ஒன்பதாம் வகுப்பு. சொன்ன பேச்சைத் தட்டாத பெண் என்று எல்லா டீச்சர்களும் உதாரணம் காட்டும் பெண்.

"படிச்சிட்டேனுங்க மிஸ்."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். பின்கள் அடித்தபடியே இருந்தன. இந்த ஒரு பெண்தான் பிரிக்கவில்லை.

"பின்னைப் பிரிச்சா ஃபைன்னு அட்டையில போட்டிருந்துச்சு மிஸ்."

"ம்."

அவள் ஸ்டேப்ளரில் புதுப் பின் போட ஆரம்பித்தாள். கனிஷ்கா போகவில்லை.

"நடுவுல அந்தப் பொண்ணு அவங்கம்மாகிட்டச் சொல்லிட்டாளாட்ட இருக்குதுங்க மிஸ். அதுக்கப்புறம் அந்த மாமா வர்றதே இல்லை."

"ஆமா கண்ணு. சொல்லிடுவா."

"சொன்னப்ப அவங்கம்மா அடிச்சாங்களா மிஸ்?"

"கதைதானே கண்ணு. போய் வேற புக் எடுத்துக்கோ."

"சரிங்க மிஸ்."

கனிஷ்கா அலமாரிப் பக்கம் போனாள். எதையும் எடுக்கவில்லை. புத்தகங்களைப் பார்த்தபடி சும்மா நின்றாள்.

தன் வாயிலிருந்து வந்த பதில் அப்போதுதான் டீச்சர் காதிலேயே விழுந்தது.

இந்த அலமாரியைப் பற்றிப் பிள்ளைகள் கேட்காத கேள்வி இல்லை. முத்தம் எந்தப் பக்கத்தில் என்று கேட்டிருக்கிறார்கள். கடைசியில் அவர்கள் சேர்ந்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா அடித்தாளா என்று ஒருவரும் கேட்டதில்லை.

புத்தகத்தை மறுபடியும் பார்த்தாள். பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தியின் கதை. வீட்டுக்கு அடிக்கடி வரும் ஒரு மாமா. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் அவர் அவளைத் தொடுகிறார்.

அது இரண்டே பக்கம்.

அந்த அத்தியாயத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்தப் பெண் அம்மாவிடம் சொல்வதுதான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறாள். காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுகிறாள். இதை வாங்க வேண்டும் என்று டீச்சர் தாளாளரிடம் அடம் பிடித்ததே அந்தப் பக்கங்களுக்காகத்தான்.

அதையும் சேர்த்து அடித்திருக்கிறாள்.

தன்மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மணி அடித்தது. அடுத்தது கணக்கு வகுப்பு. நூலக வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் சலசலவென்று வெளியே போனார்கள். கனிஷ்காவும் கடைசியாக வாசல் வரை போய்விட்டாள்.

"கனிஷ்கா."

நின்றாள்.

"அடிக்கலை கண்ணு."

திரும்பினாள்.

"அவங்கம்மா அடிக்கவே இல்லை. முதல்ல அவ கையிலிருந்த துணியை வாங்கி வெச்சாங்க. அப்புறம் அவளைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதாங்க. அவ மேல தப்பில்லைன்னு சொன்னாங்க."

கனிஷ்கா தலையை ஆட்டினாள். கவனமாகக் கேட்டுக்கொள்ளும் பிள்ளைதான் அவள். ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வராண்டாவில் சத்தம் அடங்கியது.

"எங்கம்மா அடிப்பாங்க மிஸ்."

டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். கணக்கு டீச்சர் ஆளைத் தேடுவார். தேடட்டும்.

கனிஷ்காவைப் பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப முதல்ல எங்கிட்டச் சொல்லு."