நாலு பேருக்கும் ஒரே பேர்

“பேர் வச்சது கூப்பிடறதுக்கா, நம்பர் போடறதுக்கா? இது ஸ்கூலா, ஜெயிலாங்க?”

காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த கணவன் நிமிரவில்லை. “எந்த நம்பர்?”

“உங்க பொண்ணு நம்பர். முப்பத்தொண்ணு! அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மிஸ் பேரே சொல்றதில்லையாம். கிளாஸ்ல இதே பேர்ல நாலு பேராம்!”

“நாலுதானா? நம்ம தெருவை விடக் கம்மி.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளே பிடிவாதமாக வைத்த பேர். பிரசவ வார்டில் அடுத்த கட்டில் குழந்தைக்கும் அதே பேர்தான். பூங்காவில் ஒரு குரல் கொடுத்தால் மூன்று தலைகள் திரும்பும். அப்போதெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

ஊர் மாறி வந்து, நடு வருஷத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்த்த குழந்தை. முதல் வாரம் முழுக்கப் பள்ளி வாசலில் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தை. நாலில் ஒன்றாக அங்கே தொலைந்தே போய்விட்டால்?

“அந்த மத்த மூணு பேரும் யாருடி?” மகளுக்குத் தலை வாரியபடி கேட்டாள்.

“கண்ணாடி, ரெட்டைச்சடை, ஓட்டைப்பல்லு. நாலு பேருக்கும் ஒரே பேர்னா குழம்பும்ல? அதான் பட்டப்பேர்.”

“உன் பட்டப்பேர் என்ன?”

“எனக்குக் கிடையாது. என்னை மட்டும் நிஜப் பேர்லதான் கூப்பிடணும்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

பார்த்தீர்களா, பட்டப்பேர் வைக்கக்கூட ஆள் இல்லை! அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

“உன் பேரை மாத்திடலாமா கண்ணு? வேற யாருக்கும் இல்லாத பேரா?”

“ஐயோ, வேண்டாம்மா! அப்புறம் நாங்க நாலு பேரும் எப்படி ஒண்ணா எந்திரிச்சு நிக்கறது?”

சின்னக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டாள். பேர் மாற்றும் படிவம் முந்தின நாளே தயார். உலகத்தில் இன்னொருத்தருக்கு இருக்கவே முடியாத ஒரு பேராகத் தேடி எழுதியிருந்தாள். கணவனுக்கு மூன்றாவது தடவையில்தான் அது வாயில் நுழைந்தது. வகுப்பு மிஸ்ஸின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதையும் இன்றைக்கே வாங்கி ஆபீசில் கொடுத்தாக வேண்டும்.

மதியம் அவள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கதவோரமாக நின்றாள்.

“இந்தப் பாடத்தை யார் படிக்கப் போறா?” என்று கேட்ட மிஸ், மகளின் பேரைச் சொன்னாள்.

சொன்ன மாத்திரத்தில் நாலு பேர் எழுந்து நின்றார்கள். நாலு பேரும் ஒரே குரலில் படிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வரியில் கண்ணாடியின் சத்தம் நின்றது. வாய் மட்டும் அசைந்தது. மூன்றாவது வரியில் ரெட்டைச்சடை. அடுத்து ஓட்டைப்பல்லு. மூன்றும் ஓரக்கண்ணால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, திருட்டுப் பூனை மாதிரி மெல்ல உட்கார்ந்துகொண்டன.

புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மகள் மட்டும் தனியாக நின்று கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

அம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. மணி அடித்துக் குழந்தைகள் விளையாட ஓடியதுதான் தாமதம், உள்ளே போனாள்.

“என்ன மிஸ் இது? என் பொண்ணை மாட்டிவிட்டுட்டு மூணும் நைசா நழுவுதுங்க. நீங்களும் பார்த்துட்டு சும்மா நிக்கறீங்க!”

மிஸ் சிரித்தாள். “அவளுக்கே தெரியாம அப்படி நழுவறதுக்கு அதுங்க ரெண்டு வாரம் ஒத்திகை பார்த்துச்சும்மா.”

“எதுக்கு?”

“சேர்ந்த புதுசுல பேரைச் சொன்னாலே உங்க பொண்ணு மேஜைக்கு அடியில போயிடுவா. இழுத்தாலும் வர மாட்டா. ஒரு நாள் பேரைக் கூப்பிட்டேன். பக்கத்துல இருந்த கண்ணாடி எழுந்து நின்னு ‘எஸ் மிஸ்’ங்கறா. உன்னைக் கூப்பிடலையேன்னேன். ‘எனக்கும் அதே பேர்தான் மிஸ்’னு கண்ணைச் சிமிட்டினா. உடனே ரெட்டைச்சடை, ‘எனக்கும் மிஸ்’. ஓட்டைப்பல்லு, ‘எனக்கும்’. யாருடா இதுன்னு பார்க்க உங்க பொண்ணு மேஜைக்கு வெளியில தலையை நீட்டினா பாருங்க, அன்னைக்குத்தான் அவ முகத்தையே நான் ஒழுங்கா பார்த்தேன்.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “அப்படின்னா அவங்களோட பேர்…?”

“அந்தக் குட்டு உடையக்கூடாதுன்னுதானே நான் நம்பர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்கறேன்!”

மிஸ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்தொரு பேர். மகளின் பேர் கடைசியில், ஒரே ஒரு தடவைதான் இருந்தது.

அவள் கையிலிருந்த படிவத்தை மிஸ் வாங்கிப் புதுப் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பேனாவைத் திறந்தாள்.

“தாராளமா மாத்துங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா இது கொஞ்சம் கஷ்டமான பேரா இருக்கும்மா. மத்த மூணு பேரும் பழகிக்க ரெண்டு நாளாவது டைம் குடுங்க!”